கிழக்குப் பாறையில் விழாத பதிவு

"நம்ம மிஷின் ஆளைக் காட்டிக் குடுத்துடுச்சு ஜினா."

மாடிப்படி ஏறி வந்த நெடுமாறனுக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷத்தை அடக்க அவன் படும் பாட்டைப் பார்த்தால், வாய்விட்டுச் சிரித்திருந்தாலே தேவலை என்று தோன்றியது.

ஜினப்பிரியா கையிலிருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள். "எந்த ஆளை?"

"பாவாடையை. தாண்டவராயன் குவாரி வாட்ச்மேன்."

முந்தின நாள், வியாழக்கிழமை மாலை, குவாரியில் வெடி வைத்தபோது பறந்த கல் ஒன்று, மலையின் கிழக்குச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளையபெருமாள் மேல் விழுந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இது செஞ்சி முழுக்கப் பரவிவிட்ட செய்தி. நெடுமாறன் கொண்டுவந்தது அதற்கு அடுத்தது. வெடிக்கு முன்னால் மலையைச் சுற்றிவந்து ஆட்களை விரட்ட வேண்டிய பாவாடை, கிழக்குப் பக்கம் போகவே இல்லையாம். போனேன் என்று அவர் சத்தியம் செய்கிறாராம். ஆனால் இவர்கள் செய்துகொடுத்து அவர் கையிலிருந்த ரீடரில் கிழக்குப் பாறையின் பதிவு இல்லை. போலீஸ் ரீடரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கவனக்குறைவு என்று அவர் மேல் வழக்கு வரும்.

"அனந்தபுரம் பக்கத்து குவாரிக்காரங்க ரெண்டு பேரும் காலைலயே போன் பண்ணிட்டாங்க. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க," என்றான் நெடுமாறன். "நாம ஆறு மாசமா அவங்க பின்னாடி அலைஞ்சோம். இப்ப அவங்களே கூப்பிடுறாங்க."

கல்லூரியில் ஒன்றாகப் படித்த இருவரும் சேர்ந்து, திருவண்ணாமலை சாலையில் ஒரு உரக்கடையின் மாடியில் இந்தத் தொழிலைத் தொடங்கியிருந்தார்கள். சர்க்யூட் வடிவமைப்பது அவள். விற்பது அவன்.

குவாரி வேலை அவர்களுக்குக் கிடைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வெடி வயர் இழுத்திருக்கும் இடத்தில் செல்போன் ஆகாது. ரேடியோ அலை கொஞ்சம் பலமாக அடித்தாலும் வினையாகிவிடும். அதனால் வாட்ச்மேன் நிஜமாகவே சுற்றி வருகிறாரா என்று போனை வைத்துக் கண்காணிக்க வழியில்லை. வாட்ச்மேன் கொட்டகையில் கரண்டும் கிடையாது. தினம் சார்ஜ் போடச் சொன்னால் நடக்காது. இரண்டுக்கும் சேர்த்து ஜினப்பிரியா கண்ட விடை ஒன்றுதான். ரீடர் எந்நேரமும் தூங்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் விழித்து, விரல் தூரத்துக்கு மேல் போகாத மெல்லிய அலையால் படித்துவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட வேண்டும்.

மலையைச் சுற்றி நான்கு பாறைகளில், எந்தப் பாறை என்று சொல்லும் டேக் ஒன்றைக் காசு அளவுக்கு ஒட்டினார்கள். டார்ச் லைட் மாதிரி இருக்கும் ரீடரை வாட்ச்மேன் ஒவ்வொரு டேக்கிலும் வைத்து எடுக்க வேண்டும். ரீடருக்குள் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று ஆன்டெனாவாக இருக்கிறது. தூக்கத்தின் நடுவே ரீடர் அடிக்கடி ஒரு கணம் மட்டும் அந்தச் சுருளைத் தட்டிப் பார்க்கும். பக்கத்தில் டேக் இருந்தால் அது கொஞ்சம் சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். ஆன்டெனாவின் வோல்டேஜ் இறங்கும். இறங்கினால் ரீடர் எழுந்து, டேக்கைப் படித்து, கீச்சென்று ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும். விளக்கு வைக்கவில்லை. விளக்கு பேட்டரியைத் தின்னும்.

மாதக்கணக்கில் வர வேண்டிய பேட்டரி, முதல் ரீடரில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பாவாடையே ஒரு நாள் கடைக்கு வந்துவிட்டார்.

"இன்ஜினீரம்மா, உம் புள்ள தூங்கவே மாட்டேன்னுது. இந்த மலையில அதுக்கும் சேத்து நான் தூங்கணும்போல இருக்குது."

ரீடரை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள் என்று ஜினப்பிரியா கேட்டபோது அவர் இடுப்பைக் காட்டினார். பெல்ட்டில் ரீடர், அதை ஒட்டியே ஒரு பெரிய சாவிக் கொத்து. கேட், கம்ப்ரசர் கொட்டகை, வெடிமருந்து அறை என்று குவாரியின் எல்லாப் பூட்டுக்கும் சாவி அதில்தான் தொங்கியது. இரும்பு பக்கத்தில் இருந்தாலும் வோல்டேஜ் இறங்கும். சாவி ஆடும்போதெல்லாம் ரீடர், டேக் வந்துவிட்டதென்று ஏமாந்து எழுந்துகொண்டிருந்தது.

இடுப்பின் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பக்கம் சிவப்புக் கொடியின் கம்பு இடிக்கும் என்றார். சட்டைப் பையில் விசில், கையில் தண்ணீர் பாட்டில். பேச்சோடு பேச்சாக மலையைப் பற்றியும் சொன்னார். மற்ற மூன்று இடத்திலும் உட்கார்ந்து, இடுப்பில் இருப்பதையெல்லாம் கழற்றி வைத்து, தண்ணீர் குடித்து, சாவகாசமாக ரீடரை வைத்து எடுப்பாராம். கிழக்குப் பாறையில் மட்டும் நிற்பதில்லையாம். தலைக்கு மேலே மலைத்தேனீ அடை. விசிலைக்கூடத் தள்ளி நின்றுதான் ஊதுவாராம். தொட்ட கையோடு ஓடிவிடுவாராம்.

ஆளை மாற்றச் சொல்லக் கூடாது, மிஷினைத்தான் மாற்ற வேண்டும் என்று அன்று ஜினப்பிரியா முடிவு செய்தாள். அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது. வோல்டேஜ் இறங்கி அப்படியே நின்றுவிட்டால் அதையே இயல்பான நிலை என்று ரீடர் எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளை மாற்றினாள். அதற்குப் பிறகு இன்னும் இறங்கினால் மட்டும் எழுந்தால் போதும். சாவிக் கொத்து ரீடருக்குப் பழகிப்போயிற்று. பேட்டரி நின்றது. குவாரி முதலாளி தாண்டவராயன் போன் செய்து பாராட்டினார்.

நெடுமாறன் பேசிக்கொண்டே இருந்தான். அவள் லேப்டாப்பைத் திறந்து குவாரிப் பதிவின் நகலைப் பார்த்தாள். போன மாதம் வரைக்கும் கிழக்குப் பாறை ஒரு நாளும் தவறவில்லை. புது மென்பொருள் போட்ட நாளிலிருந்து பெரும்பாலும் இல்லை. மற்ற மூன்று பாறைகள் மட்டும் ஒழுங்காக இருந்தன. இதை யாரும் கவனிக்கவில்லை. பதிவை இறக்கி வைப்பதோடு குவாரி ஆபீசின் வேலை முடிந்துவிடுகிறது. திறந்து பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மனிதன் சோம்பேறியாகும் நாள், மென்பொருள் மாற்றிய நாளாகவா இருக்கும்?

அவள் எழுந்து ஷட்டர் சாவிக் கொத்தை எடுத்தாள். இன்னொரு ரீடரை அதோடு சேர்த்துப் பெல்ட்டில் தொங்கவிட்டாள். கொஞ்ச நேரம் நடந்தாள். பிறகு ரீடரை மட்டும் சட்டென்று கழற்றி மேஜையிலிருந்த டேக்கின் மேல் வைத்து எடுத்தாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி செய்தாள். மறுபடியும் இல்லை. அடுத்த தடவை ரீடரைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வைத்தாள். கீச்சென்றது.

"என்ன பண்ற?" என்றான் நெடுமாறன்.

அவள் விளக்கினாள். சாவியோடு இருக்கும்போது வோல்டேஜ் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது. அதையே இயல்பு என்று ரீடர் நம்புகிறது. சாவியை விட்டுத் தள்ளி எடுத்ததும் வோல்டேஜ் ஏறுகிறது. டேக் அதைக் கொஞ்சம் இறக்குகிறது. ஆனால் சாவி இறக்கிய அளவுக்கு இறங்குவதில்லை. அதனால் எதுவும் நடக்கவில்லை என்று ரீடர் தூங்கிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்தால் புது நிலையைக் கற்றுக்கொண்டு சரியாகிவிடும். மூன்று பாறைகளில் பாவாடை பொறுத்தார். கிழக்கில் தேனீக்குப் பயந்து பொறுக்கவில்லை. கீச்சென்ற சத்தம் வராததும் அவருக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பக்கம்தான் கம்ப்ரசர் ஓடுகிறது.

"அவர் போயிருக்காரு நெடு. தினமும் போயிருக்காரு."

நெடுமாறன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சந்தோஷம் இப்போது முகத்தில் இல்லை. அவன் புத்திசாலி. அவள் சொல்லாததையும் புரிந்துகொண்டான்.

வியாழக்கிழமை பாவாடை சுற்றி முடித்த பிறகு கம்ப்ரசர் பழுதாகி, குழி போடுவது நின்று, வெடி வைக்க வெகுநேரம் தாமதமாகியிருந்தது. அதற்குள் இளையபெருமாள் ஆடுகளோடு மேலே வந்திருக்கிறான். தாமதமானால் இன்னொரு சுற்று அனுப்ப வேண்டும். வெளிச்சம் போய்விடும் என்று தாண்டவராயன் அனுப்பாமலேயே வெடிக்கச் சொல்லிவிட்டார். பாவாடை கிழக்குப் பக்கம் போகவில்லை என்றால் குற்றம் பாவாடையுடையது. போனார் என்றால் தாண்டவராயனுடையது.

"போலீஸ்ல சொல்லிடலாம்," என்றாள்.

"சொல்லு. வேணாம்னு சொல்லலை. திங்கக்கிழமைக்கு அப்புறம் சொல்லு." அவன் குரலைத் தணித்தான். பாவாடையை இன்னும் கைது செய்யவில்லை, வீட்டில்தான் இருக்கிறார், இரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்றான். வெறும் கையோடு போய் எங்கள் மிஷினில் கோளாறு என்று சொன்னால் யாரும் இனிமேல் வாசல்படி ஏற்ற மாட்டார்கள். கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டோம் என்று சொன்னால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. "நீ மொதல்ல அதைச் சரி பண்ணு ஜினா. உன் பேரும்தானே இதுல இருக்கு."

கடைசியாகச் சொன்னதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

திருத்தம் என்னவோ சின்னதுதான். வோல்டேஜ் இறங்கினாலும் ஏறினாலும் எழுந்து பார், அவ்வளவே. ஆனால் அதனால் பேட்டரி வீணாகக்கூடாதே. சாவிக் கொத்து, எவர்சில்வர் டிபன் பாக்ஸ், அரிவாள் என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துச் சோதித்தாள். எவ்வளவு ஏறினால் எழலாம், எவ்வளவு வரைக்கும் பொறுக்கலாம் என்று கோட்டைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் சமண வீட்டுப் பெண். சனியும் ஞாயிறும் அந்த நேரத்தைத் தவறவிட்டுப் பட்டினியாகவே படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ரீடர் எப்படிக் கழற்றி வைத்தாலும் கீச்சென்றது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு உண்டான நிம்மதியில் பாவாடை இல்லவே இல்லை.

திங்கட்கிழமை காலை நெடுமாறன் அனந்தபுரம் பக்கம் போனான். அவள் திருத்தாத ரீடர் ஒன்றையும் திருத்தியது ஒன்றையும், டேக்கையும் சாவிக் கொத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். பழைய ரீடர் படிக்காததையும் புதியது படிப்பதையும் அவரே கையில் வாங்கிச் செய்து பார்த்தார். புரியாதவர் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ரீடரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் பாவாடையே வந்து, கிழக்குப் பக்கம் போகலைன்னு ஒத்துக்கிட்டாரு. மிஷின் தப்புன்னு நீங்க சொல்றீங்க. மிஷின் சரின்னு அவரே சொல்றாரே, நான் என்ன பண்ண?"

அவர் வந்து மாற்றிச் சொல்லட்டும், அப்போது இதையும் சேர்த்து விசாரிக்கிறேன் என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை.

பாவாடையின் வீடு தொண்டூர் போகும் வழியில் இருந்தது. ஸ்கூட்டியை நிறுத்தியபோது அவர் வெளியே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பெல்ட் இல்லை. அது இல்லாமல் ஆள் சின்னதாகத் தெரிந்தார். இன்ஜினீரம்மா என்று அவர் கூப்பிடவில்லை. "உக்காரும்மா," என்று மட்டும் சொன்னார். மனைவி ரத்தினம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இளையபெருமாள் அவளுக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை.

ஜினப்பிரியா எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு கையைச் சாவியாகவும் ஒரு கையை ரீடராகவும் வைத்துக் காட்டினாள். அவர் கைகளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போனீங்கண்ணா. மிஷின்தான் தூங்கிடுச்சு."

"போனது எனக்குத் தெரியாதா? என் காலுதானேம்மா போச்சு."

"தெரிஞ்சும் ஏன் போகலைன்னு சொன்னீங்க?"

சனிக்கிழமை மத்தியானம் தாண்டவராயன் காரில் வந்ததை அவர் சொன்னார். கோர்ட்டில் மிஷினைத்தான் நம்புவார்கள், போனேன் போனேன் என்று நின்றால் பொய் சொன்னதற்கும் சேர்த்து உள்ளே போக வேண்டியிருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அசதியில் விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் வக்கீல் அவருடைய ஆள், லேசில் முடித்துவிடலாம். பாவாடையின் மகன் எழிலரசன் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறான். அவன் வேலையில் நீடிப்பான். இல்லாவிட்டால் அப்பன், மகன் இரண்டு பேருக்கும் அங்கே இடமில்லை.

"நான் ஒண்ணு கேட்டேம்மா. மிஷினு தப்பு பண்ணவே பண்ணாதான்னு கேட்டேன். செஞ்சவங்களையே கேட்டுட்டேன், அதெல்லாம் பண்ணாதுன்னு சொல்லிட்டாங்கன்னாரு."

"எங்களை எப்ப கேட்டாராம்?"

"இங்க வர்றதுக்கு முன்னாலதான். உங்காளு, அந்த நெடுமாறன் தம்பி. அவருதான் சொன்னாராம்."

சனிக்கிழமை. நெடுமாறனுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். அவன் சொன்னதை அவளால் கேட்டிருக்க முடியாது. அந்நேரம் அவள் டிபன் பாக்ஸை ரீடருக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று பாவாடை மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை."

"அப்ப ரெண்டு நாளா இன்னா பண்ண?"

"மிஷினைச் சரி பண்ணேன்."

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

அவர் தலையை ஆட்டினார். கோபமாகத் திட்டியிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"இப்பவே வாங்கண்ணா, ஸ்டேஷனுக்குப் போகலாம். எஸ்.ஐ. கேக்கறேன்னு சொல்லியிருக்காரு. நான் கூடவே நிக்கறேன்."

"மொத போனேன்னேன். பொய்யன்னாங்க. அப்புறம் போவலைன்னேன். இப்பதான்டா நிசம் பேசறன்னாங்க. திரும்பப் போய் போனேன்னு சொன்னா? ஒரு மனுசன் எத்தினி தடவம்மா பொய்யனாவறது?" அவர் கட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நேத்து எழிலு வேலைக்குப் போயிட்டான். அவனுக்கு ரெண்டு புள்ளைங்க. நான் வாயத் தொறந்தா அவன் நாளைக்கே வீட்ல குந்தணும்."

"அதுக்காக, செய்யாத தப்பை..."

"வெள்ளிக்கிழமை வந்திருந்தா உங்கூட வந்திருப்பேன். அன்னிக்கி என் கையில என் பேச்சு இருந்துச்சு."

ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. ரத்தினம்மாள் தூக்குச்சட்டியோடு இறங்கினாள். நாலு நாளாகத் தூங்காத கண்கள். வாசலில் உட்கார்ந்திருந்தவள் மிஷின் செய்த பெண் என்று தெரிந்ததும் அவள் நின்றுவிட்டாள். பிறகு ஜினப்பிரியாவிடம், ரொம்ப நாள் பழகியவளிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தாள். தம்பிக்கு இன்று கட்டு மாற்றினார்கள். போர்வைக்கு அடியில் ஒரு கால் இல்லாததைப் பார்த்துவிட்டு அவன் பெண்டாட்டி மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் யாரும் ரத்தினம்மாளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"உம் மிஷினு இல்லன்னா இந்தாளு இன்னும் சத்தியம் பண்ணிக்கினு இருப்பாரு. நானும் நம்பிக்கினு இருப்பேன். நல்ல காரியம் பண்ணம்மா நீ. ஒரு நடை. ஒரு நடை போயிருந்தா அவன் காலு இருந்திருக்கும்."

பாவாடை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவர் போனாரு," என்றாள் ஜினப்பிரியா. "மிஷின்தான் தப்பு. நான் செஞ்ச மிஷின். அவர் கிழக்குப் பக்கம் போயிட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வெடி வெச்சிருக்காங்க."

ரத்தினம்மாளின் கையிலிருந்த தூக்குச்சட்டி அசைவற்று நின்றது. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் கோபம் போய், வேறு ஏதோ வரத் தயாராக இருந்தது.

"நிசமா? போனியா நீ?"

அவள் வாய் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த வாய். போனேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரத்தினம்மாள் நேராகத் தாண்டவராயன் வீட்டு வாசலில் போய் நிற்பாள். இது பாவாடைக்குத் தெரியும். இப்போதுதான் அவளைப் பார்த்த ஜினப்பிரியாவுக்கே தெரிந்தது.

அவர் ஜினப்பிரியாவை நிமிர்ந்து பார்த்தார். அவளைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

"போவல."

"அண்ணா..."

"போவலம்மா. அசதியா இருந்துச்சு. உட்டுட்டேன்."

ரத்தினம்மாள் மூச்சை இழுத்து விட்டாள். வரத் தயாராக இருந்தது வராமலே போய்விட்டது. ஜினப்பிரியா மறுபடி பேச வாயெடுத்தபோது அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"செஞ்ச ஆளே ஒத்துக்கிறாரு. நீ யாரும்மா நடுவுல, அவருக்குச் சப்போட்டு பண்ண? உன் தம்பி காலா போச்சு?"

உள்ளே போனாள். தட்டில் சோற்றையும் குழம்பையும் போட்டு எடுத்துவந்து, கட்டில் வரைக்கும் வராமல் வாசல்படியிலேயே தரையில் வைத்துத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போனாள். தட்டு கொஞ்ச தூரம் உராய்ந்துகொண்டு வந்து நின்றது.

பாவாடை எழுந்து போய்க் குனிந்து அதை எடுத்துக்கொண்டார். ஜினப்பிரியா இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து, போய் வா என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார். பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.